ஏப்ரல் முதல் வாரத்தில் பனிச்சறுக்கு: மதுரையிலிருந்து ஆறு பேர் கிளம்பினால் பனி மிஞ்சியிருக்குமா?

தல்லாகுளத்தான்:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரே கல்லூரியில் படித்து, இப்போது நாற்பதை எட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் ஆறு பேர், பனிச்சறுக்கை ஒருமுறையேனும் பழகிப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாகப் பேசி வருகிறோம். ஜனவரியும் பிப்ரவரியும்தான் அதற்குரிய பருவம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்களில் ஒருவர் வங்கியில் பணிபுரிகிறார். மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடியும்வரை அவருக்கு விடுப்புக் கிடைக்க வழியில்லை. இன்னொருவர் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். தை, மாசி முகூர்த்த வியாபாரத்தை விட்டு அவர் நகர மாட்டார், சித்திரைத் திருவிழாக் கூட்டம் கூடத் தொடங்குமுன் கடைக்குத் திரும்பியாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒத்துவருவது ஏப்ரல் முதல் வாரம் மட்டுமே.

எங்கள் குழுவில் ஒருவர் சில ஆண்டுகள் ஜெர்மனியில் வேலை பார்த்தபோது ஆஸ்திரிய மலைகளில் பனிச்சறுக்குப் பழகியவர். இரண்டு பேர் புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறோம். மற்ற மூவருக்கும் பனியைப் பார்த்தால், தொட்டால், படம் எடுத்தால் போதும். குல்மார்க், ஔலி, மணாலி என்று மூன்று பெயர்கள் பேச்சில் அடிபடுகின்றன. ஏப்ரலில் இவற்றுள் எங்கே பனி இருக்கும்? கற்றுக்கொள்பவர்களுக்கு அந்தப் பனி உகந்ததுதானா? மதுரை வெயிலிலேயே வளர்ந்த நாங்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

நாகமலை நடையர்:

மூன்று பெயர்களில் இரண்டை இப்போதே அடித்துவிடலாம். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்திலுள்ள ஔலியின் சறுக்குச் சரிவுகள் ஏறத்தாழ 2,500 முதல் 3,050 மீட்டர் உயரத்திற்குள் அடங்கிவிடுகின்றன. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் அங்குதான் நடந்தன; நல்ல சரிவுகள்தாம், ஆனால் மார்ச் முடிவதற்குள் அங்கே பருவம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது, அங்கிருந்து ஔலிக்குச் சென்றுகொண்டிருந்த கம்பிவழி ஊர்தியும் நிறுத்தப்பட்டது. மணாலிக்கு அருகிலுள்ள சோலாங் பள்ளத்தாக்கும் 2,500 மீட்டரை ஒட்டிய உயரம்தான் என்பதால் ஏப்ரலில் அங்கே புல் தெரியத் தொடங்கிவிடும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையைக் கடந்து லாஹௌல் பக்கம் சென்றால் பனி கிடைக்கும். ஆனால் அது விளையாடுவதற்கும் படம் எடுப்பதற்குமான பனியே தவிர, முறையாகச் சறுக்குவதற்குரிய வசதிகள் உள்ள இடம் அன்று.

மிஞ்சுவது குல்மார்க். அதற்குக் காரணம் உயரம். குல்மார்க் மைதானம் ஏறத்தாழ 2,650 மீட்டரில், அதாவது நம் கொடைக்கானலைவிட ஐந்நூறு, அறுநூறு மீட்டர் மட்டுமே கூடுதலான உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த மைதானத்தில் திட்டுத் திட்டாகப் பனியும் இடையிடையே சேறும் புல்லும் இருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். அங்கிருந்து கோண்டோலா எனப்படும் கம்பிவழி ஊர்தியின் முதல் கட்டம் 3,000 மீட்டரைச் சற்றுத் தாண்டிய கோங்டோரிக்கும், இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டரில் அஃபர்வாட் மலைமுகட்டின் அருகிலும் கொண்டுபோய் விடுகின்றன. முதல் கட்டம் 1998-லும் இரண்டாம் கட்டம் 2005-லும் இயங்கத் தொடங்கின. கீழே புல் முளைத்துக்கொண்டிருக்கும் அதே நாளில் மேலே ஆளுயரப் பனி கிடப்பது அங்கே வாடிக்கை. நம் ஊரில் மழை ஏமாற்றுவது போல அங்கே பனியும் சில ஆண்டுகளில் ஏமாற்றுவதுண்டு. 2025-இல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதி, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. மேற்கிலிருந்து வரும் காற்றுக் குழப்பங்கள்தாம் காஷ்மீருக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. அவை தாமதமாக வந்தால் மார்ச் கடைசியில்கூடப் புதுப்பனி பெய்யும், வராவிட்டால் ஜனவரியிலும் மலை வெறுமையாகக் கிடக்கும். ஆகவே நாட்காட்டியை நம்பாமல், புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பிருந்து அங்குள்ள வானிலையை அன்றாடம் பாருங்கள்.

இனி முதன்மையான செய்தி. பருவத்தின் கடைசியில் செல்பவர்களுக்கு நாளைவிட நேரம்தான் முக்கியம். பகலில் வெயில் பட்டு மேற்பனி உருகும், இரவில் மீண்டும் உறையும். இந்த உருகலும் உறைதலும் பல நாள் தொடர்ந்தால், பஞ்சு போன்ற புதுப்பனியின் நுண்ணிய கிளைகளெல்லாம் கரைந்து, கல்லுப்புப் பருமனில் உருண்டைப் பரல்கள் உருவாகின்றன. விடியற்காலையில் அப்பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போய்க் கண்ணாடித் தரை போலக் கிடக்கும். அதில் புதியவர்கள் கால் வைத்தால் நிற்கவே முடியாது. வெயில் ஏற ஏற, மேலே ஓரிரு விரற்கடை மட்டும் இளகி, அடியில் உறுதி குலையாமல் இருக்கும் ஒரு வேளை வரும். சறுக்குப் பலகை வழுக்கவும் செய்யும், சொன்ன இடத்தில் திரும்பவும் செய்யும், விழுந்தாலும் வலிக்காது. நடுப்பகலுக்குப் பின் எல்லாம் கூழாகி, பலகை பனிக்குள் சிக்கி, முழங்காலுக்கு வேலை வைக்கும்.

அந்த நல்ல வேளை எப்போது வரும் என்பது சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. கிழக்கு நோக்கிய சரிவுகள் முதலில் இளகும். வடக்கு நோக்கியவை கடைசியில் இளகும். வெயிலைத் துரத்திக்கொண்டு போவது போல, காலையில் கிழக்குச் சரிவில் தொடங்கிப் பிறகு மற்றவற்றுக்கு மாறுவதுதான் பழகியவர்களின் வழக்கம். இன்னொன்று: முந்தைய இரவு வானம் தெளிவாக இருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய இரவில் தரையின் வெப்பம் வெளியேற முடியாமல் பனி சரியாக உறையாது; அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள் காலையிலேயே பனி கூழாகக் கிடக்கும். அன்று சறுக்குவதை விட்டுவிட்டு வேறு ஏதேனும் செய்வது நல்லது.

நண்பர்கள் குழுவில் ஒருவர் எட்டு மணிக்கு எழுந்து, ஒருவர் வெந்நீருக்குக் காத்திருந்து, எல்லோரும் சேர்ந்து பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்குக் கோண்டோலா வரிசையில் போய் நின்றால், ஏப்ரலில் நீங்கள் பார்ப்பது கூழ் மட்டுமே. கற்றுக்கொள்ளும் இருவரும் ஜெர்மனி நண்பரும் தனியாகவும், மற்ற மூவரும் தனியாகவும் காலையைத் தொடங்குவதென்று மதுரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேலமாசி வீதிக்காரி:

நடையர் ஐயா பனியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் கைச்செலவையும் நடைமுறையையும் பற்றிச் சொல்கிறேன்.

குல்மார்க்கில் புதியவர்கள் வழக்கமாகப் பழகுவது மைதானத்தை ஒட்டிய சிறிய சரிவுகளில்தான். ஏப்ரலில் அவை பெரும்பாலும் பனியிழந்துவிடும் என்பதால், கற்றுக்கொள்பவர்களும் கோண்டோலாவில் கோங்டோரிக்கு ஏறியே பழக வேண்டியிருக்கும். அதாவது ஒவ்வொரு நாளுக்கும் கோண்டோலாச் சீட்டு தனிச் செலவு. சீட்டை இணையத்தில் நாள் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். எனவே, மேல்முகட்டுக்கு ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்கிவிட்டு அந்த நாளை நம்பி இருக்காதீர்கள்.

அங்கே 1968-இல் தொடங்கப்பட்ட, ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் பயிற்சி வகுப்புகள் நல்ல பனி உள்ள மாதங்களையே மையமாகக் கொண்டவை என்பதால், ஏப்ரலில் நீங்கள் தனிப் பயிற்றுநரை அமர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். இருவருக்கும் சேர்த்து ஒரே பயிற்றுநர் போதும். வாகனம் நின்றவுடன் சறுக்குவண்டி இழுப்பவர்களும் குதிரைக்காரர்களும் பயிற்றுநர்களும் சூழ்ந்துகொள்வார்கள். பிழைப்புக்காகக் கேட்கிறார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை மணி நேரம், பலகையும் காலணியும் அந்தத் தொகையில் அடங்குமா, கோண்டோலாச் சீட்டு யார் பொறுப்பு என்ற மூன்றையும் பேசி முடிக்காமல் காலணிக்குள் காலை நுழைக்காதீர்கள். நம் டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு இது கடினமாக இராது.

பலகை வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது காலணி: குதிகால் தூக்காமல், விரல் நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட்டு, முழங்காலை வளைத்தவுடன் விரல் பின்னே நகர வேண்டும். தளர்ந்த காலணியில் எவ்வளவு முயன்றாலும் பலகை உங்கள் சொல் கேட்காது. இரண்டாவது, காலணியைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங். விழும்போது அது தானாகக் கழன்றுகொள்ளவில்லை என்றால் முழங்கால் தசைநார் கிழியும். உங்கள் எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கேட்டு அதன் இறுக்கத்தைத் திருத்திக் கொடுப்பதே முறை. கடைக்காரர் எதையும் கேட்காமல் நீட்டினால், நீங்களே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். ஏப்ரலின் ஈரப்பனியில் பலகை சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதால் இது பிப்ரவரியைக் காட்டிலும் இப்போது முக்கியம்.

உடைகளை மதுரையில் வாங்கிக் குவிக்க வேண்டாம். குல்மார்க்குக்குச் சில கிலோமீட்டர் கீழேயுள்ள டாங்மர்க்கிலேயே நீர் புகாத மேலாடையும் முழங்கால்வரை வரும் காலணியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. இங்கிருந்து எடுத்துச் செல்ல வேண்டியவை உள்ளே அணியும் கம்பளி அல்லது செயற்கை இழை உடைகளும், இரண்டு மூன்று இணைக் கம்பளிக் காலுறைகளும், நல்ல கையுறைகளும்தான். பருத்தி பனியன் வேர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக் குளிரவைத்துவிடும். ஏப்ரலில் வெயில் சுடும், நிழல் நடுக்கும். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிடக் கழற்றி மாட்டக்கூடிய மூன்று மெல்லிய அடுக்குகள் உதவும்.

வெளிமாநில முன்கட்டண சிம் அங்கே வேலை செய்யாது. ஆறு பேரில் இருவரேனும் போஸ்ட்பெய்டு இணைப்பு வைத்திருங்கள். சோற்றுக்குக் கவலையே இல்லை; காஷ்மீரிகள் நம்மைப் போலவே மூன்று வேளையும் சோறு போட்டாலும் சளைக்காதவர்கள்.

பனி பார்க்க மட்டும் வரும் மூன்று நண்பர்களுக்கு ஏப்ரல் உண்மையிலேயே நல்ல மாதம். தால் ஏரிக்கு மேலே, ஜபர்வான் மலையடிவாரத்திலுள்ள துலிப் தோட்டம் மார்ச் கடைசியில் திறந்து ஏறத்தாழ ஒரு மாதம்தான் பூத்திருக்கும். ஒரு நாள் கோங்டோரியில் பனி பார்த்துவிட்டு, மறுநாள் அவர்கள் ஸ்ரீநகருக்கு இறங்கிவிடலாம். தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அதே தோட்டத்தால் அந்த வாரங்களில் ஸ்ரீநகரில் அறைக் கட்டணம் ஏறியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வடகரை மருத்துவர்:

நான் கண் மருத்துவத் துறையில் இருப்பவன். கண் மருத்துவத்திற்குப் பெயர்போன ஊரிலிருந்து கிளம்பும் குழுவுக்கு இதை யாரும் இன்னும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

குளிராக இருக்கும் இடத்தில் வெயில் கண்ணைக் கெடுக்காது என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. புதுப்பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. அதாவது மேலிருந்து ஒருமுறையும் கீழிருந்து ஒருமுறையும் உங்கள் கண்ணில் படுகிறது. தொப்பி விளிம்பு கீழிருந்து வருவதைத் தடுக்காது. ஏப்ரலில் சூரியன் ஜனவரியைவிட உயரத்தில் நிற்பதால் பாதிப்பு இன்னும் கூடும். இதனால் கருவிழியின் மேற்படலம் வெந்துபோவதுதான் பனிக்குருடு எனப்படுவது. வெயிலில் இருக்கும்போது எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியது போன்ற உறுத்தலும் நீர்வடிதலும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத வலியும் தொடங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் பயணத்தின் நடுவே அந்த ஓரிரு நாள் யாருக்கு வேண்டும்? பக்கவாட்டையும் மூடுகிற, புற ஊதாக் கதிரை முழுமையாகத் தடுக்கிற கண்ணாடி ஆறு பேருக்கும் வேண்டும். மேகமூட்டமான நாளிலும் அதைக் கழற்றக் கூடாது. நடைபாதையில் விற்கும் வெறும் கறுப்புக் கண்ணாடி, கண்மணியை விரியச் செய்துவிட்டுக் கதிரையும் உள்ளே விடுமானால், அணியாமல் இருப்பதைவிடக் கேடு. மூக்கின் அடிப்பகுதிக்கும் தாடைக்கு அடியிலும்கூட வெயில் காப்புக் களிம்பு பூசுங்கள்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். 3,950 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. விமானத்தில் இறங்கிய மறுநாளே அங்கு ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். முதல் நாள் ஸ்ரீநகரில் தங்கி, இரண்டாம் நாள் குல்மார்க்கிலேயே உறங்கி, மூன்றாம் நாள்தான் மேல்முகட்டை எண்ண வேண்டும். தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் மருந்தைவிடக் கீழே இறங்குவதே சிறந்த சிகிச்சை. குழுவில் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நாற்பதை எட்டும் ஆறு மதுரைக்காரர்களில் ஒருவருக்கேனும் சர்க்கரை இருக்கும் என்பது என் ஊகம்.

பசுமலைப் பயணி:

எல்லோரும் நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சற்று மாறுபடுகிறேன். கற்றுக்கொள்வதுதான் நோக்கமென்றால், அந்த இருவரும் பிப்ரவரியில் தனியாகப் போவதே சரி என்பேன். ஏப்ரலில் ஒரு நாளில் மூன்று மணி நேரம் நல்ல பனி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதில் வரிசையும் காலணி மாட்டுவதும் போக மிஞ்சுவது எவ்வளவு? கால்களை முக்கோணமாக வைத்து வேகம் குறைக்கப் பழகுவதற்கே புதியவருக்கு ஒரு நாள் முழுவதும் தேவைப்படும்.

என் உண்மையான கவலை ஜெர்மனி நண்பரைப் பற்றியது. ஆஸ்திரியாவில் சறுக்குபாதைகள் சீர்செய்யப்பட்டு, குறியிடப்பட்டு, காவலர்களால் கண்காணிக்கப்படுபவை. அஃபர்வாட்டில் இரண்டாம் கட்டக் கோண்டோலாவிலிருந்து இறங்கியவுடன் இருபுறமும் விரிவது பெரும்பாலும் திறந்த மலை. அங்கே இறப்புகள் நேர்ந்திருக்கின்றன: 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் உயிரிழந்தனர். பழகியவர்களும் சிக்கும் மலை அது.

ஏப்ரலின் பனிச்சரிவு குளிர்காலத்துப் பனிச்சரிவைப் போன்றதன்று. உருகிய நீர் பனியடுக்கினுள் இறங்கி, பரல்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைக் கரைத்துவிட, ஈரம் தோய்ந்த கனத்த பனி மெதுவாகத்தான் நகரும். ஆனால் அதனுள் அகப்பட்டவர் சிமெண்டில் புதைந்தவர் போலாவார். 30 முதல் 45 பாகைச் சரிவுள்ள இடங்களிலேயே பெரும்பாலான பனிச்சரிவுகள் புறப்படுகின்றன, துணிந்தவர்கள் சறுக்க விரும்புவதும் அதே சரிவுகளில்தான். மேலிருந்து பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு வருவதும், நடக்கும்போது கணுக்காலுக்கு மேல் கால் புதைவதும், அன்றைய ஆட்டம் முடிந்தது என்பதற்கான அடையாளங்கள். பனியின்மேல் மழை பெய்தால் அன்று சரிவுகளின் அடியில்கூட நிற்கக் கூடாது.

பாதைக்கு வெளியே போகத்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால், உள்ளூர் வழிகாட்டி, பனியில் புதைந்தவரின் இடங்காட்டும் டிரான்ஸீவர், துழாவுகோல், மண்வாரி ஆகியவையும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த இன்னொருவரும் உடனிருக்க வேண்டும். புதைந்தவரை ஏறத்தாழ கால் மணி நேரத்திற்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. கருவியை இவர் மட்டும் கட்டிக்கொண்டால், கீழே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஐந்து நண்பர்களால் ஆவது ஒன்றுமில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் பனிச்சரிவு முன்னறிவிப்புகள் ஒன்று முதல் ஐந்து வரையிலான அபாய நிலைகளாக வெளியாகின்றன. காலையில் அதைப் பார்க்காமல் மேலே செல்ல வேண்டாம். பயணக் காப்பீட்டிலும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பனிச்சறுக்கை விலக்கிவைக்கும் காப்பீடுகள் உண்டு, பாதைக்கு வெளியே சறுக்குவதை விலக்கிவைப்பவை அதிலும் அதிகம்.

தல்லாகுளத்தான்:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பசுமலையாரின் பதிலை ஜெர்மனி நண்பருக்கு அப்படியே அனுப்பினேன்; கோங்டோரிக்கு மேலே தனியாகப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பிப்ரவரியில் தனியாகப் போகலாம் என்ற யோசனை சரியானதாகவே படுகிறது, ஆனால் ஆறு பேரும் சேர்ந்து போவதற்காகத்தான் இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டோம். கற்பது பாதியாக நின்றாலும் பரவாயில்லை. இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். இரயிலில் போக வழியுண்டா? இதே செலவில், இதே வாரத்தில் வெளிநாடு ஏதேனும் ஒத்துவருமா?

துபாய்த் திருமங்கலத்தார்:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கஜகஸ்தானில் அல்மாட்டி நகருக்கு மேலேயுள்ள ஷிம்புலாக் மலையைப் பாருங்கள். அடிவாரம் 2,260 மீட்டர், உச்சி ஏறத்தாழ 3,200 மீட்டர். நகரின் விளிம்பிலுள்ள மெதேவு பனிக்கட்டிச் சறுக்குத் திடலிலிருந்தே கோண்டோலாவில் ஏறிவிடலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். தில்லியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. பாதைகள் சீர்செய்யப்பட்டவை என்பதால் கற்பவர்களுக்கும் உங்கள் ஜெர்மனி நண்பருக்கும் குல்மார்க்கைவிட அது பொருந்தும். ஆனால் அதன் உச்சி அஃபர்வாட்டைவிடத் தாழ்ந்தது. ஏப்ரலில் பனி குறைந்த ஆண்டாக அமைந்தால் கீழ்ப்பாதி கரைந்திருக்கும்.

கற்பவர்கள் இருவருக்கும் இன்னொரு வழி. இங்கே துபாயில் 2005 முதல் ஒரு வணிக வளாகத்திற்குள்ளேயே உறைநிலைக்குக் கீழான வெப்பநிலையில் பனிச்சறுக்குக் கூடம் இயங்குகிறது. மிக நீண்ட சரிவு 400 மீட்டர் அளவு. மதுரையிலிருந்து துபாய்க்கு நேரடி விமானம் இருப்பதும், நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு இங்கே ஓர் உறவினர் இருப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. வேறு வேலையாக யாரேனும் இங்கு வர நேர்ந்தால், நிற்கவும் திரும்பவும் நிறுத்தவும் இங்கேயே பழகிவிட்டுக் குல்மார்க்குக்குப் போகட்டும். கூடத்துப் பனி எந்நேரமும் ஒரே தன்மையில் இருக்கும். மலையின் மாறும் பனியை அது கற்றுத் தராது என்பது மட்டுமே குறை.

நாகமலை நடையர்:

இரயில் வழி இப்போது உண்டு. மதுரையிலிருந்து தில்லிக்குப் போய், அங்கிருந்து இரவு வண்டியில் கட்ரா சென்றால், 2025 ஜூன் முதல் கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ஓடுகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடப்பதற்காகவே ஒருவழி அதில் போகலாம். ஆனால் மதுரையிலிருந்து தில்லிக்கு மட்டுமே இரண்டு இரவுகள் வண்டியில் கழியும். வங்கிக்காரரின் விடுப்பு அதற்குத் தாங்காது. போகும்போது விமானம், ஸ்ரீநகரிலிருந்து திரும்பும்போது கட்ரா வரை இரயில், அங்கிருந்து ஜம்மு போய் விமானம் என்று பிரித்துக்கொள்வதே உங்கள் ஒரு வாரத்திற்குப் பொருந்தும். உயரத்திற்கு மெல்லப் பழக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன முதல் இரண்டு இரவுகளைச் சுருக்கி நாளை மிச்சம் பிடிக்காதீர்கள்.

2025 ஏப்ரல் 22 பகல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, பின்னர் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டன. ஆகவே அறைகளையும் வாகனத்தையும் பணம் திரும்பப் பெறக்கூடிய முறையிலேயே பதிவு செய்யுங்கள். குல்மார்க்கில் குறைந்தது மூன்று இரவுகள் வேண்டும். கோண்டோலாச் சீட்டை அடுத்தடுத்த இரு நாள்களுக்கு, கிடைக்கும் முதல் நேரத்திற்கே எடுத்துவிடுங்கள். ஜவுளிக்கடை நண்பர் பேரம் பேசட்டும், வங்கிக்காரர் கணக்கு வைத்துக்கொள்ளட்டும், ஆறு மணிக்கு எல்லோரையும் எழுப்பும் பொறுப்பை மட்டும் ஜெர்மனி நண்பரிடம் விட்டுவிடுங்கள்.